தேத்தாங்கொட்டையும் தேசநலனும்

2024 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அமெரிக்காவிலிருக்கும் நண்பன் ஒரு கோப்பை அனுப்பிவைத்தான். இருபத்தெட்டுப் பக்கம். "படிச்சிட்டு எங்கெல்லாம் ஓவரா இருக்குன்னு சொல்லு. இங்கிலீஷ் பாக்க வேணாம், அத வக்கீல் பாத்துப்பாங்க" என்று கீழே ஒரு குறிப்பு. முதல் பக்கத்தின் முதல் வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: நான் மேற்கொள்ளவிருக்கும் பணி அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது.

இதை எழுதியவன் தேர்வாய் கண்டிகையில் பிறந்தவன். நான் பக்கத்து ஊர். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவதுவரை ஒரே அரசுப் பள்ளி, ஒரே பஸ். அவன் வீடு காலனியில், என் வீடு ஊர்த்தெருவில். அவன் எங்கள் வீட்டுத் திண்ணைவரை வந்தது எத்தனை முறை, உள்ளே வந்தது எத்தனை முறை என்று இப்போது எண்ணிப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதைப் பற்றி வேறொரு சமயம்தான் எழுத வேண்டும். பிறகு அவன் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் கெமிக்கல் படித்தான். நான் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து, எல்லோரையும்போல பழைய மகாபலிபுரம் சாலைக்கு வந்து சேர்ந்தேன்.

அவன் ஆராய்ச்சி தண்ணீர் வடிகட்டும் சவ்வுகள் பற்றியது. ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சிலும் தீயணைப்பு நுரையிலும் பயன்படும் ஒருவகை வேதிப்பொருட்கள் மண்ணிலும் தண்ணீரிலும் கலந்தால் லேசில் அழிவதில்லை. பி.எஃப்.ஏ.எஸ். என்று அவற்றுக்குக் கூட்டுப் பெயர். 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இவற்றில் முக்கியமான இரண்டுக்குக் குடிநீரில் ஒரு லட்சம் கோடியில் 4 பங்கு என்று உச்ச வரம்பு விதித்தது. அந்த அளவுக்கு வடிகட்டுவது சுலபமில்லை. அவனைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதில் எந்தப் பொய்யும் இல்லை.

கிரீன் கார்டு என்று நாம் சொல்லும் நிரந்தர வசிப்புரிமையை வேலை வழியாக வாங்க வழக்கமான பாதை ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் வேலை தர வேண்டும். அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று வாங்க வேண்டும். 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதில் ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தது: உயர்படிப்புப் படித்தவர் அல்லது அசாதாரணத் திறமை உள்ளவர் விஷயத்தில், தேசநலனுக்கு உகந்தது என்று தோன்றினால் அந்த நிபந்தனைகளிலிருந்து விலக்கு தரலாம். நிறுவனம் வேண்டாம், ஆளே தனக்காக மனுப் போட்டுக்கொள்ளலாம். தேசநலன் என்றால் என்ன என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை.

சட்டம் சொல்லாமல் விட்டதைக் குடிவரவுத் துறையின் மேல்முறையீட்டு அலுவலகம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தது. நண்பனின் கோப்போடு இந்த இரண்டு முடிவுகளையும் தேடிப் படித்தேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் நிபந்தனைகளைப் படித்து அவற்றின் ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. 1998இல் வந்த முதல் முடிவு ஒரு பாலப் பொறியாளரைப் பற்றியது. நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறையே அவருக்காக விண்ணப்பித்திருந்தது. பாலம் நல்ல காரியம்தான், நியூயார்க்கின் பாலங்கள் நாடு முழுவதன் போக்குவரத்தோடு இணைந்தவைதான் என்றெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு விண்ணப்பத்தை மறுத்தார்கள். இந்த வேலைக்கு இவரேதான் வேண்டும், வழக்கமான பாதையில் இவரை நடக்கவிட்டால் தேசத்துக்குக் கேடு என்பது நிரூபணமாகவில்லையாம். இரண்டாவது, 2016 டிசம்பரில் வந்தது. தனசார் வழக்கு என்று எல்லோரும் சொல்வது. பழைய முடிவைத் தூக்கிவிட்டு மூன்று கேள்விகளை வைத்தார்கள். எடுத்துக்கொண்ட பணிக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுக்கும் நிலையில் இந்த ஆள் இருக்கிறாரா? எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தால் நிபந்தனைகளை விலக்குவது நாட்டுக்கு லாபமா?

அந்த முடிவில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. விண்ணப்பித்தவர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர், கூடவே மாணவர்களுக்குப் பாடமும் எடுப்பவர். ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் பறக்கும் கலங்களின் உந்துவிசை பற்றிய அவருடைய ஆய்வுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு என்று ஏற்று, அதன் பேரில் அனுமதி கொடுத்தார்கள். பாடம் எடுப்பதை மட்டும் தனியாக எடைபோட்டார்கள். கற்பிப்பது மதிப்புள்ள செயல், சந்தேகமில்லை. ஆனால் அது அவருடைய வகுப்பைத் தாண்டி அந்தத் துறைக் கல்வியையே பாதிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே தேசிய முக்கியத்துவம் ஆகாது. தர்க்கத்தில் குறையில்லை. ஒரு வாத்தியாரால் நாற்பது பிள்ளைகளுக்குத்தான் நேரடியாக ஏதாவது நடக்கும். ஆனால் எனக்கும் அவனுக்கும் நடந்த நல்லதெல்லாம் அப்படிப்பட்ட நாற்பது பேர் வகுப்பில்தான் நடந்தது. எங்கள் இயற்பியல் வாத்தியார் இந்தத் தராசில் ஏறியிருந்தால் முள் அசைந்திருக்காது.

கோப்புக்கு வருகிறேன். எங்கே ஓவராக இருக்கிறது என்றுதானே கேட்டிருந்தான். தேடினேன், பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ஓர் இணைப்பு, ஓர் எண். அவனுடைய கட்டுரைகளை எந்தெந்த நாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பிரிக்க நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சீனா முதலிடம். அமெரிக்கா இரண்டாவது, இந்தியா மூன்றாவது. வக்கீல் அலுவலகம் அட்டவணையைத் திருப்பிப் போட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை மேலே கொண்டுவந்தது. எண் எதுவும் மாறவில்லை, வரிசைதான் மாறியது. அவனோடு வேலை செய்யாத பேராசிரியர்களிடமிருந்து சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். அவற்றுக்கான வரைவை அவனே எழுதி அனுப்பினான், அவர்கள் திருத்திக் கையெழுத்துப் போட்டார்கள். தன்னைப் பற்றி மூன்றாம் மனிதரின் குரலில், "இத்துறையில் இவரைப் போன்றவர்கள் அரிது" என்று தானே எழுதுவது எப்படி இருந்தது என்று கேட்டேன். "மொத கடிதம் எழுத நாலு நாள் ஆச்சு. அஞ்சாவது கடிதம் ஒரு மணி நேரம்" என்றான்.

அப்போதுதான் முதல் வரைவையும் அனுப்பினான், சும்மா பார் என்று. வக்கீல் பார்க்கும் முன் அவன் எழுதியது. அதில் ஒரு பத்தி இருந்தது. காலனியின் அடிபம்புத் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கும், மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் செம்மண்ணாக வரும். அவனுடைய ஆயா குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசித் தேய்த்துத் தண்ணீரை ஊற்றிவைப்பாள். காலையில் மண் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். ஏன் தெளிகிறது என்று கேட்டால், "கொட்டை அழுக்கக் கூப்புடும், அது போயிடும்" என்பாள். அந்தப் பத்தி இப்படி முடிந்திருந்தது: நான் இருபது வருடமாக இந்த ஒரே கேள்விக்குத்தான் விடை தேடுகிறேன்.

வக்கீல் அலுவலகம் அதை அடித்துவிட்டது. ஓரத்தில் குறிப்பு: அமெரிக்காவுக்குச் சம்பந்தமில்லை, பணியின் பயன் வேறு நாட்டுக்கு என்று அதிகாரி நினைக்க இடம் உண்டு.

நியாயமான ஆலோசனைதான். அதற்குத்தான் அவர்களுக்குக் காசு. ஆனால் அந்தப் பத்தி போனதும் எனக்கு ஒன்று புரிந்தது. இருபத்தெட்டுப் பக்கத்திலும் பொய் ஒன்றுகூட இல்லை, ஆனால் அவன் இந்த வேலையை ஏன் செய்கிறான் என்பதும் எங்கேயும் இல்லை. அமெரிக்கக் குடிநீர் வாரியங்களின் சிக்கலைத் தீர்க்கவே பிறந்தவன்போல ஒருவன் அங்கே நிற்கிறான். அவனை எனக்குத் தெரியாது.

என் முதல் சமாதானம் சுலபமாக வந்தது. நானும்தான் ஒவ்வொரு ஏப்ரலிலும் அப்ரைசல் எழுதுகிறேன். "வாடிக்கையாளருக்குக் கணிசமான மதிப்பை உருவாக்கினேன்" என்று எழுதுகிறேன். யாரும் அதை என் வாழ்க்கை வரலாறு என்று எடுத்துக்கொள்வதில்லை. வேலைக்கான மொழி ஒன்று, வீட்டுக்கான மொழி ஒன்று. ஆனால் இந்தச் சமாதானம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கம்பெனி என்னை வாங்குவது எட்டு மணி நேரத்துக்கு. தேசம் என்பது வசிக்கும் இடம். அங்கே அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அண்டை வீட்டுக்காரர் இருக்கிறார், பனி கொட்டினால் வாசலைத் தள்ளிவிடுகிறான், வருமான வரி கட்டுகிறான். ஒருவரை ஓர் இடத்தில் வசிக்க விடுவதற்கு அவரால் ஆகும் உபயோகம் மட்டும் காரணமாக இருக்கலாமா? மனிதரை வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்று கான்ட் 1785இல் எழுதியபோது குடிவரவுப் படிவங்கள் அவர் மனதில் இருந்திருக்காது. மைக்கேல் வால்சர் 1983இல் வந்த தன் நூலில் இதை நேராகவே எடுத்துக்கொள்கிறார்: ஒரு சமூகம் பங்கிட்டுத் தரும் முதல் பொருளே உறுப்பினராக இருக்கும் தகுதிதான் என்கிறார். யாரை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும் உரிமை அந்தச் சமூகத்துக்கு உண்டு என்பது அவர் கட்சி. ஆனால் உள்ளே விட்டு வேலை வாங்கிக்கொண்டே உறுப்பினராக்காமல் வைத்திருப்பதை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அந்த இரண்டாவது பாதியை மட்டும் நண்பனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன், அதுதான் எங்களுக்குள் சின்ன சண்டையாயிற்று. தேர்வாய் கண்டிகையையே அவனுக்கு உதாரணமாகக் காட்டினேன்.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். பெரும்பாலும் தலித் குடும்பங்கள். ஊரைச் சுற்றி மேய்க்கால் நிலமும் புதர்க்காடுமாக இருந்தது. அதில் 1,127 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்கா ஆனது. 2009இல் பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷ்லின் தமிழக அரசோடு 4,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தம் போட்டது. ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2012இல் விஷயம் பாரிஸ்வரை போனது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான ஓ.இ.சி.டி. வழிகாட்டு நெறிகளின்கீழ் பிரான்சில் புகார் கொடுத்தார்கள், ஊர்ச் சங்கமும் பிரெஞ்சுத் தொழிற்சங்கம் ஒன்றும் சேர்ந்து. இன்று அந்தப் பக்கம் போனால் நல்ல சாலை இருக்கிறது, கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன, எங்கள் பள்ளிப் பையன்கள் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. ஆயாவின் ஆடுகள் இல்லை. ஆடுகளை ஏன் விற்றாய் என்று ஒருமுறை கேட்டேன், முழங்கால் வலி என்றாள்.

தொழிற்பூங்காவோடு நிற்கவில்லை. தேர்வாய் கண்டிகை ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, 380 கோடி ரூபாய் செலவில் 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கமாக்கினார்கள். 2020 நவம்பர் 21 அன்று திறப்பு விழா. சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது நீர்த்தேக்கம். மாசக் கடைசியில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் அபார்ட்மெண்ட்வாசியான எனக்கு அது வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நான் அவனுக்குச் சொன்னது இதுதான். பட்டா நிலத்தை அரசு எடுக்க வேண்டுமென்றால் பொது நோக்கம் என்று அறிவிக்க வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும். மேய்க்கால் புறம்போக்கு காகிதத்தில் ஏற்கெனவே அரசுடையது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள் அந்தக் காகிதத்தில் இல்லை. எனவே ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் கைமாறும்போது அந்தக் கைமாற்றம் யார் நலனுக்கு என்று ஆயாவிடம் வந்து நிரூபிக்க யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை. அதே ஆயாவின் பேரன் ஓரிடத்தில் தொடர்ந்து குடியிருக்க, தான் ஒரு தேசத்தின் நலன் என்று ஐந்நூறு பக்க இணைப்போடு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தேசநலன், பொதுநலன் என்ற சொற்களின் ஆதாரச் சுமை எப்போதும் ஒரு பக்கத்தார் தலையில்தான் விழுகிறது. இதை ஒத்துக்கொண்டு நீயும் எழுதிக்கொடுக்கிறாயே என்று கேட்டேன். கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன்.

அவன் போனிலேயே சிரித்தான். "டேய், நிரூபிக்கிறது உனக்குத்தான் புதுசு. எனக்கு ஒண்ணாவதுலேர்ந்து பழக்கம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், ஸ்காலர்ஷிப்புக்கு வருசா வருசம் மறுபடியும். நான் யாருன்னு நான் சொன்னா யாரும் நம்புனதில்ல, தாசில்தார் சொல்லணும். இங்க அட்லீஸ்ட் நான் என்ன செஞ்சேன்னு கேக்கறான். எங்க ஆயாவ எவனும் ஒரு ஃபாரம்கூட நிரப்பச் சொல்லல. கேட்டிருந்தா அது எவ்ளோ பெரிய மரியாதைன்னு உனக்குத் தெரியாது."

எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. ஆதாரம் கேட்கப்படுவதை நான் அவமானம் என்று படித்தேன். கேட்கப்படாமல் போனவர்களின் வீட்டிலிருந்து வந்தவன் அதை வேறு மாதிரி படிக்கிறான். பயனை வைத்து அளப்பது மட்டமான அளவுகோல் என்று சொல்ல எனக்கு வசதி இருந்தது, ஏனென்றால் அதற்கு முந்தைய அளவுகோலில் நான் தோற்றதில்லை. எங்கள் திண்ணையில் அவன் உட்கார்ந்திருந்தபோது அவனால் என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை. எங்கே பிறந்தான் என்பது போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவிலும் அந்த வரிசைதான் இருந்திருக்கிறது. சுப்ரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் வழியாக 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டாம் உலகப் போரின்போது மேரிலாந்தில் அபர்டீன் ராணுவத் தளத்தின் எறிபொருள் ஆய்வகத்துக்காகக் கணக்குப் போட்டுக்கொடுத்தார். அதைவிடப் பச்சையான தேசநலன் இருக்க முடியாது. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் விரும்பியிருந்தாலும் அந்நாட்டுக் குடிமகனாகியிருக்க முடியாது. இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1946இல்தான் சட்டம் மாறியது, அதுவும் ஆண்டுக்கு நூறு இந்தியர்கள் குடியேறலாம் என்ற கணக்கோடு. சந்திரசேகர் குடிமகனானது 1953இல். நோபல் பரிசு அதற்கும் முப்பது வருடம் கழித்து. பயனுள்ளவரா என்ற கேள்வி, என்ன இனம் என்ற கேள்வியின் இடத்துக்கு வந்தது ஒரு முன்னேற்றம். நண்பன் சொல்ல வந்தது அதுதான் என்று நினைக்கிறேன், அவன் சந்திரசேகரை இழுக்கவில்லை என்றாலும்.

2025 தொடக்கத்தில் அவனுடைய ஐ-140 மனு ஏற்கப்பட்டது. ஒரு தேசம் முத்திரை குத்தி, ஆம், நீ எங்கள் நலன் என்று சொல்லிவிட்டது. வீடியோ காலில் கேக் வெட்டினார்கள். அடுத்து என்ன என்று கேட்டேன்.

அடுத்து வரிசை. வேலை வழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அவனுடைய பிரிவான ஈபி-2க்கு அதில் 28.6 சதவீதம், அதாவது நாற்பதாயிரம் சொச்சம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று உச்ச வரம்பு. பெருக்கிப் பாருங்கள், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 2,800 சொச்சம், குடும்பத்தாரையும் சேர்த்து. வேறு நாட்டார் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்தால் கொஞ்சம் கூடும். மனு ஏற்கப்பட்ட மாதத்தில் இந்திய வரிசை 2012ஆம் ஆண்டில் விண்ணப்பித்தவர்களிடம் நின்றுகொண்டிருந்தது. அவன் தேதி 2024. தேசநலன் விலக்கு வேலைச் சான்றிலிருந்துதான் விலக்கு தரும், இந்த வரிசையிலிருந்து தராது. இங்கே குடியுரிமைகூடக் கணக்கில்லை, பிறந்த நாடுதான் கணக்கு. அவன் நாளைக்கே கனடாக் குடிமகன் ஆனாலும் வரிசையில் இந்தியாவில் பிறந்தவன்தான். தேர்வாய் கண்டிகையில் பிறந்ததை மனுவிலிருந்து அடித்துவிட்டார்கள். அது வரிசையில் வந்து நின்றுகொண்டது.

இதைச் சொல்லிக் காட்டவில்லை. அவனுக்குத் தெரியும்.

என்றைக்காவது வரிசை நகர்ந்தால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவன் வீட்டில் பிறந்தவன், பதிவில்லை. பதிவில்லை என்பதற்கு ஒரு சான்றும், பிறந்ததை அறிந்த இருவரின் பிரமாணப் பத்திரமும் இருந்தால் போதும். இரண்டில் ஒருத்தி ஆயா. அவளுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. வரிசைக்காகக் காத்திருக்க முடியாது, இப்போதே வாங்கி வைத்துவிடலாம் என்று அவனே சொன்னான். போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டோ வைத்து ஆயாவைக் கும்மிடிப்பூண்டிக்கு அழைத்துப்போனேன். வழியில் சிப்காட் சுற்றுச்சுவரைக் கடந்தபோது, "இங்கதான் தேத்தா மரம் ரெண்டு நின்னுச்சு" என்று கையைக் காட்டினாள். கை காட்டிய இடத்தில் பார்க்கிங் ஷெட் இருந்தது.

"எதுக்குடா இது?"

"அவன் அங்கயே இருக்கறதுக்கு, ஆயா."

"இங்க பொறந்தான்னு எழுதிக் குடுத்தா அங்க இருக்க வுடுவாங்களா?"

"வுடுவாங்க. நாளாகும்."

பத்திரம் டைப் செய்பவர் பிறந்த தேதி கேட்டார். பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொன்னேன்: ஜூன் 5. ஆயா மறித்தாள். "ஜூனு இல்ல. ஆடிக் கிருத்திகைக்கு மொத நாளு. திருத்தணிக்கு நடந்து போறவங்க ரோட்டுல போயினு இருந்தாங்க, நான் மருத்துவச்சியக் கூப்புட ஓடுனேன்." டைப் செய்பவர் என்னைப் பார்த்தார். பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட ஜூன் அது, எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன்தான். அதைத்தான் சாதிச் சான்றிதழிலிருந்து ஐ-140 வரை எல்லாக் காகிதமும் சொல்கிறது. ஒன்றில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். ஆயாவிடம் அதை விளக்கினேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சரி, அவங்களுக்கு எது வேணுமோ போட்டுக்க" என்று சொல்லிவிட்டு இடது கைக் கட்டை விரலை நீட்டினாள்.